ஒரு கூடைக் காளானுக்கு ஒரு காளான் பதமா?

ஆலங்குடிக்குப் பக்கத்தில் என் சித்தி வீட்டுப் பின்கட்டில் ஒரு காளான் குடில் இருக்கிறது. கீற்று வேய்ந்த கூரை. தரையில் ஆற்றுமணல். சுற்றிலும் சாக்குப் படுதா. காலையும் மாலையும் தண்ணீர் தெளித்துக் குளுமையாக வைத்திருப்பார். வெளியே சித்திரை வெயில் செம்மண்ணைப் பிளந்துகொண்டிருக்கும்போது உள்ளே நுழைந்தால், முதல் மழை பெய்த மறுநாள் காலை மாதிரி ஒரு வாசனை வரும். கயிற்றில் தொங்கும் பாலித்தீன் உருளைகளில் ஒரு அடுக்கு வைக்கோல், ஒரு அடுக்கு காளான் வித்து என்று மாற்றி மாற்றி நிரப்பியிருப்பார். வித்து என்பது அரைவேக்காடாக வேகவைத்த சோளத்தில் வளர்த்த வெள்ளை இழைதான். வம்பன் வேளாண் அறிவியல் நிலையத்தில் பயிற்சி எடுத்துக்கொண்டு வந்து ஆரம்பித்த தொழில் இது.

பதினைந்து இருபது நாளில் உருளை முழுக்க வெள்ளையாகிவிடும். பிறகு துளைகளின் வழியே ஊசிமுனை அளவு மொட்டுகள் எட்டிப் பார்க்கும். மூன்று நான்கு நாளில் அவை சிப்பி சிப்பியாக விரிந்து நிற்கும். நாம் காளான் என்று சொல்லிக் கொத்தோடு பறிப்பது அந்த உயிரின் காயை மட்டும்தான். மரம் உள்ளே, வைக்கோலுக்குள் நூலாக ஓடிக்கொண்டிருக்கிறது. இதைச் சித்திக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. எந்த உருளை "ஓடியிருக்கு", எது "தேங்கிருச்சு" என்று தொட்டுப் பார்த்தே சொல்லிவிடுவார். அவர் பயப்படுவது ஒன்றுக்குத்தான். "ஒரு பையில பச்சை விழுந்துச்சுன்னா உடனே தூக்கி வெளியில போட்டுரணும்ப்பா. பார்த்துக்கலாம்னு விட்டா வீடு பூரா போயிரும்." பச்சைப் பூசணத்தைச் சொல்கிறார். அது டிரைக்கோடெர்மா என்ற இன்னொரு பூஞ்சை. வைக்கோலுக்குள் யார் முந்துகிறார்கள் என்ற போட்டியில் பல நேரம் அதுதான் ஜெயிக்கும்.

போன முறை போயிருந்தபோது, கல்லூரியில் படிக்கும் சித்தி மகன் உருளைகளைத் தட்டிப் பார்த்துக்கொண்டே கேட்டான்: "அண்ணே, கொடைக்கானல்ல போலீஸ் பிடிக்கிறாங்களே, அந்தக் காளான வெளிநாட்டுல மருந்தாக்குறாங்களாம்ல? அதையும் இப்படிப் பையில போட்டுத்தான் வளர்ப்பாங்களா?"

சித்தி அவனை அதட்டினார். கேள்வி நியாயமானது. இந்த அத்தியாயம் அதற்கான பதில். முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அந்தக் காளானில் இருக்கும் சைலோசைபின் என்ற வேதிப்பொருள் நம் நாட்டில் 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் கீழ் வருகிறது. உரிமம் இல்லாமல் வளர்ப்பதும் வைத்திருப்பதும் சிறைக்குப் போகும் குற்றம். வீட்டில் வளர்க்கும் வழியை இங்கே எழுதப்போவதில்லை. ஆராய்ச்சிக்காக அதை வளர்த்தவர்கள் எதனோடு மல்லுக்கட்டினார்கள் என்பதுதான் எனக்குச் சொல்ல வேண்டியது. அந்த மல்லுக்கட்டைச் சித்தியைப் போன்றவர்கள் விஞ்ஞானிகளைவிடச் சீக்கிரம் புரிந்துகொள்வார்கள்.

மனத்தை மாற்றும் இந்தக் காளான்களில் பெரும்பாலானவை சைலோசைபி என்ற பேரினத்தைச் சேர்ந்தவை. பனயோலஸ் பேரினத்திலும் சில உண்டு. நமக்கு இவை புதியவை அல்ல. 1871இல் பெர்க்லி, புரூம் என்ற இரு ஆங்கிலேயர்கள் இலங்கைப் பூஞ்சைகளைப் பட்டியலிட்டபோது, கீறினால் நீலம் பாயும் ஒரு காளானுக்கு 'சயனெசென்ஸ்' என்று பெயர் வைத்தார்கள். நீலமாவது என்று பொருள். பேராதனைத் தாவரத் தோட்டத்திலிருந்து துவைட்ஸ் என்பவர் அனுப்பிய மாதிரிகளை வைத்து அவர்கள் செய்த வேலை அது. இன்று ஆய்வகங்களில் பனயோலஸ் சயனெசென்ஸ் என்று பேசப்படும் வீரியமான காளான் அதுதான். தமிழ்நாட்டில் 1980களில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் பூஞ்சையியலாளர் கே. நடராஜன், என். ராமனோடு சேர்ந்து தென்னிந்தியாவின் குடைக்காளான்களைத் தேடித் தேடி விவரித்தார். உலகின் சைலோசைபி இனங்களை வாழ்நாள் முழுக்க வகைப்படுத்திய மெக்சிகோ அறிஞர் காஸ்டன் குஸ்மான், தமிழ்நாட்டு இனம் ஒன்றுக்கு நடராஜனின் பெயரையே சூட்டினார்: சைலோசைபி நடராஜானியை. மலையில் அலையும் இளைஞர்களுக்குப் போதைக் காளான் தெரிகிறது, இந்தப் பெயர் தெரியவில்லை. எனக்கு அது வருத்தம்தான்.

அந்த நீலத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். வாழைப்பூவை நறுக்கிப் போட்டால் கறுக்கிறது அல்லவா? அதே வகை வேலைதான் இதுவும். காளான் காயம்பட்டதும் ஒரு நொதி, சைலோசைபினின் தலையில் இருக்கும் பாஸ்பேட்டைக் கழற்றிவிடுகிறது. மிஞ்சுவது சைலோசின். இன்னொரு நொதி அதைக் காற்றோடு சேர்த்து ஒன்றோடொன்று கோத்துவிட, அந்தக் கோவை அவுரிச் சாயம்போல் நீலமாகத் தெரிகிறது. ஜெர்மனியின் யேனா நகரில் டிர்க் ஹோஃப்மைஸ்டரின் குழு இதை 2019இல் அவிழ்த்துக் காட்டியது. நீலமாவதைப் பார்த்தால் மருந்து அங்கே வீணாகிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். நீலம் பாய்ந்தால் நல்ல காளான் என்று நம்பி எதையாவது வாயில் போடுகிறவர்களுக்கும் இதைச் சொல்ல வேண்டும். காட்டில் ஒன்றைப்போல் இன்னொன்று இருக்கும். ஈரலைத் தின்னும் நச்சுக் காளான்களும் அதே பழுப்பு நிறத்தில் அதே உயரத்தில் நிற்கும்.

இனி மெக்சிகோவுக்குப் போவோம். ஓவஹாகா மலைகளில் உவாவ்ட்லா என்ற ஊர். அங்கே மசதெக் பழங்குடிப் பெண் மரியா சபினா, நோயாளியோடு இரவு முழுக்க உட்கார்ந்து, காளானைத் தின்று, பாடி, நோயின் காரணத்தைத் தேடுவார். 1955 ஜூன் மாத இறுதியில் நியூயார்க் வங்கி அதிகாரி கார்டன் வாசன் அந்தச் சடங்கில் கலந்துகொண்டார். 1957 மே மாதம் லைஃப் இதழில் எழுதினார். மரியா சபினாவின் பெயரை மாற்றித்தான் எழுதினார் என்றாலும் ஊர் கண்டுபிடிக்கப்பட்டது. வெளிநாட்டு இளைஞர்கள் கூட்டம் கூட்டமாக வந்தார்கள். காவல்துறை வந்தது. ஊரார் கோபம் மரியா சபினாமேல் திரும்பியது; அவருடைய வீடு கொளுத்தப்பட்டது. இந்த மருந்தின் கதையைச் சொல்கிறவர்கள் பலர் இந்த இடத்தை ஒரு வரியில் தாண்டிவிடுகிறார்கள். எனக்கு அப்படித் தாண்ட முடியவில்லை. இன்று பல கோடி டாலர் முதலீட்டில் நிற்கும் ஆராய்ச்சி, அந்தச் சடங்கில் ஒரு பெண் நம்பிக் கொடுத்ததிலிருந்து தொடங்கியது.

வாசனோடு மெக்சிகோ போனவர்களில் பாரிஸ் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் இயக்குநர் ரோஜர் ஹைம் முக்கியமானவர். அவர் பூஞ்சையியலாளர். ஆராய்ச்சிக்காக இந்தக் காளான்களை முதலில் வளர்த்தது பாரிஸில் அவருடைய ஆய்வகம்தான். ஏன் வளர்க்க வேண்டியிருந்தது? மலையிலிருந்து வருவது மழைக்காலத்தில் மட்டும், கொஞ்சம் கொஞ்சமாக, பல இனங்கள் கலந்து வரும். வேதியியலாளருக்கு வேண்டியது ஒரே இனம், நிறைய, வருடம் முழுக்க. நம் ஊரிலும் இதே காரணத்தால்தான் மழைக்கு முளைக்கும் புற்றுக்காளானை நம்பி யாரும் வியாபாரம் செய்வதில்லை. சிப்பிக்காளானையும் பால்காளானையும் குடிலுக்குள் கொண்டுவந்தார்கள். (புற்றுக்காளான் இன்னும் மனிதருக்குப் படியவில்லை. கோடிக்கணக்கான ஆண்டுகளாகக் கறையான் மட்டுமே அதை வளர்க்கிறது. எந்தக் காளான் வீட்டுக்கு வரும், எது வராது என்பதைக் காளான்தான் முடிவு செய்கிறது.) ஹைம் தேர்ந்தெடுத்த சைலோசைபி மெக்சிகானா படிந்துவந்தது.

உலர்ந்த காளான் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் சாண்டோஸ் நிறுவனத்தின் ஆல்பர்ட் ஹாஃப்மனிடம் போய்ச் சேர்ந்தது. எல்.எஸ்.டி.யைக் கண்டுபிடித்தவர். காளானுக்குள் இருக்கும் பொருளைப் பிரித்தெடுப்பது வேறு ஆய்வகங்கள் முயன்று கைவிட்டிருந்த வேலை. ஹாஃப்மன் விலங்குகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். தெளிவாக ஒன்றும் தெரியவில்லை. உடனே சந்தேகம் வந்தது. பாரிஸின் ஆய்வகத்தில் வளர்ந்த காளானில் மலைக்காளானின் சரக்கு உண்டா? வளர்ப்பில் அது போய்விட்டதா? ஏதாவது ஒரு பயிரைக் காட்டிலிருந்து தோட்டத்துக்குக் கொண்டுவந்தவர் எல்லோருக்கும் வரும் சந்தேகம்தான். அவர் 32 உலர்ந்த காளான்களை, மொத்தம் 2.4 கிராம், தானே தின்றார். அரை மணி நேரத்தில் உலகம் மாறத் தொடங்கியது. இரத்த அழுத்தம் பார்க்கக் குனிந்த மருத்துவர் பழங்கால அஸ்டெக் பூசாரியாகத் தெரிந்தார் என்று பின்னால் எழுதினார். சந்தேகம் தீர்ந்தது. அதன் பிறகு சாற்றைப் பிரித்துப் பிரித்து, ஒவ்வொரு பகுதியையும் அவரும் உடன் வேலை செய்தவர்களும் தங்கள் உடம்பிலேயே சோதித்தார்கள். 1958இல் வெள்ளைப் படிகமாகச் சைலோசைபின் வெளியே வந்தது. அதற்கு அடுத்து ஆய்வகத்திலேயே அதைச் செயற்கையாகவும் செய்துவிட்டார்கள்.

1962இல் ஹாஃப்மன் அந்த மாத்திரையோடு உவாவ்ட்லாவுக்குப் போனார். மரியா சபினாவிடம் கொடுத்தார். இரவு முழுக்கச் சடங்கு நடந்தது. காளானில் இருக்கும் சக்தி மாத்திரையிலும் இருக்கிறது என்று விடிந்ததும் அந்த அம்மா சொன்னார். காளான் இல்லாத மாதங்களில் இனி உதவும் என்று மகிழ்ந்தார். ஒரு மருந்தின் தரத்தை இதைவிடத் தகுதியானவர் சோதித்துச் சொன்னதாக எனக்குத் தெரியவில்லை.

அங்கேயே காளான் வளர்ப்பின் வேலை முடிந்திருக்க வேண்டும் அல்லவா? மாத்திரை இருக்கும்போது காளான் எதற்கு?

இங்கேதான் தம்பி கேட்ட கேள்வி திரும்பி வருகிறது. நாம் ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோற்றைப் பதம் பார்க்கிறவர்கள். நசுக்கிப் பார்த்தால் போதும், பானை முழுக்கத் தெரிந்துவிடும். ஏன் தெரிகிறது? எல்லா அரிசிக்கும் ஒரே நெருப்பு, ஒரே தண்ணீர், ஒரே நேரம். காளானிடம் இந்தப் பழமொழி செல்லாது. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் எவர்கிரீன் கல்லூரியைச் சேர்ந்த மைக்கேல் பியூக், ஜெரிமி பிக்வுட் இருவரும் 1982இல் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். சைலோசைபி கியூபென்சிஸ் என்ற, சாணத்தில் வளரும் இனத்தைக் கண்டிப்பாகக் கட்டுப்படுத்திய சூழலில் வளர்த்து, அறுவடைக்கு அறுவடை அளந்தார்கள். அப்படி வளர்த்தும் சைலோசைபின் அளவு வளர்ப்புக்கு வளர்ப்பு நான்கு மடங்கு வரை மாறியது. வெளியிலிருந்து வந்த மாதிரிகளில் அந்த வேறுபாடு பத்து மடங்கு. முதல் அறுவடையில் பெரும்பாலும் சைலோசின் இல்லை. பின்வந்த அறுவடைகளில் அது தலைகாட்டியது.

நான்கு மடங்கு என்றால் என்ன என்று யோசித்துப் பாருங்கள். காய்ச்சலுக்கு 500 மில்லிகிராம் பாராசிட்டமால் மாத்திரை வாங்குகிறீர்கள். அதே அட்டையில், அதே நிறத்தில், அடுத்த மாத்திரை 2,000 மில்லிகிராமாக இருந்தால்? எதைத் தின்றோம் என்று தின்ற பிறகுதான் தெரியும் என்றால்? அது மருந்து ஆகாது. கொடைக்கானலில் பொட்டலம் வாங்குகிறவர் வாங்குவது இந்த நிச்சயமின்மையைத்தான். பணத்தைக் கொடுத்து வாங்குகிறார். ஆராய்ச்சிக்காக வளர்ப்பது என்பது, காளான் இயல்பாகவே கொடுக்க மறுக்கும் ஒரு பொருளை அதனிடம் கேட்பது: மாறாத அளவு.

ஆலங்குடிக்காரர்களுக்கு இதைப் பலாவை வைத்துச் சொல்லலாம். கீரமங்கலம் பக்கம் தேனாக இனிக்கும் ஒரு பழத்தைத் தின்றுவிட்டு அதன் கொட்டையை ஊன்றினால் அதே பலா வருவதில்லை. ஒட்டுக் கட்டினால்தான் வரும். காளானின் வித்துத்தூளும் அந்தக் கொட்டை மாதிரிதான். ஒவ்வொன்றும் புதுக் கலப்பு. ஆகவே ஆய்வகத்தில் வித்துத்தூளை நம்பமாட்டார்கள். நல்ல காளான் ஒன்றின் சதையிலிருந்து இழையை எடுத்து அதையே பெருக்குவார்கள். அது ஒட்டுக் கன்றுக்குச் சமம். வம்பன் 8 உளுந்து என்று மூட்டையில் எழுதியிருந்தால் உள்ளே இருப்பது வம்பன் 8தான் என்று விவசாயி நம்புகிறாரே, அந்த நம்பிக்கைக்குப் பின்னால் தேசியப் பயறுவகை ஆராய்ச்சி மையத்தின் வயல்களில் கலப்புச் செடியைப் பிடுங்கி எறிந்த எத்தனையோ கைகள் இருக்கின்றன. அந்த உழைப்பு இந்தக் காளானுக்கு நடக்கவே இல்லை. ஐம்பது ஆண்டுகள் சட்டத்துக்குப் பயந்து அலமாரிகளுக்குள் வளர்த்தார்கள். ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்துப் பல்கலைக்கழகத்தில் அலிஸ்டேர் மெக்டாகர்ட்டும் அவர் குழுவும் 2023இல் இதன் விலையைக் காட்டினார்கள். வணிகத்தில் புழங்கும் கியூபென்சிஸ் வகைகளின் மரபணுவில் பன்முகம் சுருங்கிப்போயிருக்கிறது. ஆஸ்திரேலிய மேய்ச்சல் நிலங்களில் தானாகப் பரவிய கூட்டங்களில் அது இன்னும் செழிப்பாக இருக்கிறது. விதவிதமான பெயர்களில் விற்கப்பட்டவை பல, உள்ளுக்குள் நெருங்கிய உறவினர்கள்.

வளர்ப்பின் சங்கடத்தைத் தவிர்க்க ஒரு வழி, காளானையே விட்டுவிடுவது. 2006இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ரோலண்ட் கிரிஃபித்ஸ் நீண்ட இடைவெளிக்குப் பிறகு இந்த ஆராய்ச்சிக்கு மறுபடி உயிர் கொடுத்தபோது, 36 தன்னார்வலர்களுக்குக் கொடுத்தது பர்டூ பல்கலைக்கழகத்தில் டேவிட் நிக்கல்ஸ் செய்த செயற்கைச் சைலோசைபின். காம்பஸ் என்ற மருந்து நிறுவனத்தின் காம்ப் 360 மருந்தும் செயற்கைதான். இன்னொரு வழியை யேனா குழு 2017இல் திறந்தது. டிரிப்டோபேன் என்ற சாதாரண அமினோ அமிலத்திலிருந்து சைலோசைபின் வரைக்கும் காளான் நடக்கும் பாதையில் நான்கு நொதிகள்தான் முக்கியம் என்று கண்டுபிடித்தார்கள். அந்த நொதிகளுக்கான மரபணுக்களைப் பாக்டீரியாவுக்குள் வைத்தால் பாக்டீரியாவே மருந்தைச் செய்யும். 2019இல் ஓஹையோவின் மயாமி பல்கலைக்கழகத்தில் ஆண்ட்ரூ ஜோன்ஸின் மாணவர்கள் ஈ-கோலை பாக்டீரியாவைக் கொண்டு ஒரு லிட்டர் கரைசலில் 1.16 கிராம் எடுத்தார்கள். தோசை மாவு புளிப்பது மாதிரி ஒரு கலத்துக்குள் மருந்து புளித்து வருகிறது.

அப்படியும் காளானை விடாமல் வளர்க்கிறவர்கள் உண்டு. கனடாவின் ஃபிலமென்ட் ஹெல்த் நிறுவனம் அரசு உரிமம் பெற்றுக் காளானை வளர்க்கிறது. சாறு எடுத்து, உள்ளே இருப்பதைக் கருவியால் அளந்து, ஏற்றக்குறைச்சலாக இருப்பதை ஒன்றோடொன்று கலந்து சரிசெய்து, ஒவ்வொரு குளிகையிலும் ஒரே அளவு இருக்கும்படி அடைக்கிறது. அந்தக் குளிகைகள் மருத்துவச் சோதனைகளுக்குப் போகின்றன. காளானில் சைலோசைபின் தனியாக இல்லை. பேயோசிஸ்டின், நார்பேயோசிஸ்டின் என்று அதன் உறவுக்காரப் பொருள்களும் சிறிது சிறிது இருக்கின்றன. அவை சேர்ந்தால் பயனில் வேறுபாடு உண்டா என்ற கேள்விக்கு முடிவான பதில் கிடைக்கவில்லை. என் கணிப்பு, வேறுபாடு இருந்தாலும் சிறிதாகத்தான் இருக்கும். ஆனால் வளர்ப்பவர்களிடம் வேறொரு வலுவான வாதம் இருக்கிறது. காளான் வைக்கோலிலும் தானியத்திலும் வளரும் பொருள். காப்புரிமை பெற்ற ஒற்றைத் தொழிற்சாலையை நம்பாமல், ஏழை நாடு ஒன்று தன் அரசு ஆய்வகத்திலேயே மருந்தைச் செய்துகொள்ள அது ஒரு கதவைத் திறந்துவைக்கிறது.

இவ்வளவு பாடும் எதற்காக? 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் கரை கடந்து எங்கள் பக்கம் வந்தது. ஆலங்குடி, கீரமங்கலம், வடகாடு எங்கும் தென்னையும் பலாவும் வேரோடு சாய்ந்து கிடந்தன. சித்தப்பா முப்பது வருடம் வளர்த்த தோப்பு ஒரே இரவில் போனது. அவர் அழவில்லை. திண்ணையில் உட்கார்ந்தவர் மாதக்கணக்கில் எழவில்லை. சோறு போட்டால் சாப்பிடுவார், கேட்டால் பதில் சொல்வார், அவ்வளவுதான். புதுக்கோட்டைக்குக் கூட்டிப்போய் மருந்து வாங்கினோம். ஒரு மருந்து மாற்றி இன்னொரு மருந்து. கொஞ்சம் தேறினார். பழைய மனிதராக வரவில்லை. தேசிய மனநல ஆய்வைப் பெங்களூரின் நிம்ஹான்ஸ் 2015-16இல் நடத்தியபோது, நம் நாட்டில் வயதுவந்தவர்களில் இருபதில் ஒருவர் வாழ்நாளில் ஒருமுறையாவது மனச்சோர்வு நோயைச் சந்தித்திருக்கிறார் என்று தெரிந்தது. அவர்களில் மருந்துக்கு முழுதும் இணங்காதவர்கள் ஒரு பெருங்கூட்டம். உலகம் இந்தக் காளானின் பக்கம் திரும்பியது அவர்களுக்காகத்தான்.

காம்பஸின் காம்ப் 360 மருந்தை வைத்து நடந்து, 2022 நவம்பரில் வெளியான சோதனையைப் பார்ப்போம். 10 நாடுகள், 22 இடங்கள், மருந்துக்கு மசியாத மனச்சோர்வு உள்ள 233 பேர். ஒரே ஒரு முறை மருந்து. ஒரு குழுவுக்கு 25 மில்லிகிராம், இன்னொன்றுக்கு 10, மூன்றாவதற்கு வெறும் 1 மில்லிகிராம். மூன்று வாரம் கழித்து 25 மில்லிகிராம் குழுவில் 37 சதவீதம் பேருக்கு நோய் பாதிக்குமேல் இறங்கியிருந்தது. 10 மில்லிகிராமில் 19 சதவீதம், 1 மில்லிகிராமில் 18 சதவீதம். பத்துக்கும் ஒன்றுக்கும் ஏறக்குறைய வேறுபாடே இல்லை. இருபத்தைந்தில் மட்டும் தாவுகிறது. அளவு மாறினால் மருந்தே வேறாகிவிடுகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டாம். நான்கு மடங்கு மாறும் காளானைக் கையில் கொடுத்து இந்தச் சோதனையைச் செய்திருந்தால் ஒன்றுமே தெரிந்திருக்காது.

அதே சோதனையின் மறுபக்கத்தையும் சொல்லாமல் விட்டால் சித்தப்பாவை நான் ஏமாற்றியதாகும். பன்னிரண்டாம் வாரத்தில் அந்தப் பலன் நிலைத்தவர்கள் 25 மில்லிகிராம் குழுவில் 20 சதவீதம் பேர்தான். தலைவலி, குமட்டல் பலருக்கு வந்தன. தற்கொலை எண்ணம் எல்லாக் குழுக்களிலும் சிலரிடம் தெரிந்தது. 2025 ஜூனில் காம்பஸ் அறிவித்த மூன்றாம் கட்டச் சோதனையில், 258 பேரிடையே, மருந்துக்கும் வெற்று மாத்திரைக்கும் நடுவே நோய் அளவுகோலில் 3.6 புள்ளி வித்தியாசம் இருந்தது. வித்தியாசம் உண்மைதான், ஆனால் மலையளவு இல்லை. இன்னொரு சிக்கலும் உண்டு. இந்த மருந்தைத் தின்றவருக்குத் தான் தின்றது மருந்தா வெற்று மாத்திரையா என்பது ஒரு மணி நேரத்தில் தெரிந்துவிடும். பலனில் எவ்வளவு மருந்து, எவ்வளவு நம்பிக்கை என்று பிரிப்பது கடினம்.

உடம்புக்குள் என்ன நடக்கிறது என்பதும் பாதிதான் தெரியும். சைலோசைபின் குடலிலும் இரத்தத்திலும் பாஸ்பேட்டை இழந்து சைலோசின் ஆகிறது. அது செரடோனின் என்ற நம் மூளைச் செய்தியாளனைப்போலவே வடிவம் கொண்டது. செரடோனின் 2ஏ என்ற பூட்டில் நுழைகிறது. அந்தப் பூட்டை வேறொரு மருந்தால் அடைத்துவிட்டால் சைலோசைபினின் மாயம் தோன்றுவதில்லை என்று சூரிக்கில் ஃபிரான்ஸ் ஃபோலன்வைடர் 1998இல் காட்டினார். அதற்கு மேல் போனால் கருதுகோள்கள்தான். மாட்டுவண்டி ஓடி ஓடி ஆழமாகப் பதிந்த தடத்தில் எந்தச் சக்கரமும் தானாக இறங்கிவிடும். சோர்ந்த மனம் அப்படி ஒரே எண்ணத் தடத்தில் இறங்கி ஓடுகிறது. ஒரு நல்ல மழை அந்தத் தடத்தைச் சில நாள் தூர்த்துவிட்டால், வண்டியை வேறு பக்கம் திருப்ப முடியும். இந்த மருந்து அந்த மழை என்று சிலர் கருதுகிறார்கள். யேல் பல்கலைக்கழகத்தில் அலெக்ஸ் குவானின் குழு 2021இல் எலிகளின் மூளையில், ஒரே தவணைக்குப் பிறகு நரம்புக் கிளைகளில் புது முளைகள் அரும்பி ஒரு மாதம் வரை நிலைத்திருப்பதைப் படம் எடுத்தது. எலிகளிடம் பார்த்தது மனிதருக்கு எவ்வளவு பொருந்தும் என்று பொறுத்துத்தான் பார்க்க வேண்டும்.

மழை பெய்த பிறகு வண்டியைத் திருப்ப ஆள் வேண்டும். அதனால்தான் சோதனைகளில் மருந்து மட்டும் கொடுப்பதில்லை. முன்கூட்டிப் பல மணி நேரம் பேசிப் பழக்குகிறார்கள். மருந்து நாளன்று அமைதியான அறை, கண்ணுக்குத் துணி, மெல்லிய இசை, ஆறேழு மணி நேரம் அருகிலேயே பயிற்சி பெற்றவர்கள். பிறகு மறுபடி பேச்சு. குடும்பத்தில் மனச்சிதைவு நோய் இருந்தவர்களைச் சேர்ப்பதே இல்லை. மரியா சபினா இரவு முழுக்கப் பக்கத்தில் உட்கார்ந்து பாடியதன் காரணம் இப்போது அறிவியலுக்குப் புரிந்திருக்கிறது. சித்தியின் குடிலிலும் இதைத்தான் பார்க்கிறேன். ஒரே வித்துதான், சாக்கு காய்ந்தால் மொட்டு வராது. காற்றோட்டம் குறைந்தால் காம்பு நீண்டு சிப்பி விரியாமல் போகும்.

ஆஸ்திரேலியா 2023 ஜூலை 1 முதல், அங்கீகாரம் பெற்ற மனநல மருத்துவர்கள் மட்டும் இதைத் தரலாம் என்று அனுமதித்திருக்கிறது. நம் சட்டமும் கதவை முழுக்க அடைக்கவில்லை. 1985 சட்டத்தின் எட்டாம் பிரிவு, மருத்துவ, அறிவியல் நோக்கங்களுக்கு விதிகளின்படி இடம் வைத்திருக்கிறது. ஆனால் அந்த இடத்துக்குள் நுழைந்து உட்காரத் துணிகிறவர்கள் குறைவு. 2025 ஜனவரியில் கேரள உயர்நீதிமன்றம் ஒரு ஜாமீன் வழக்கில், காளான் இயற்கையில் வளரும் பூஞ்சை, அதை மருந்துக் கலவை என்று எடுத்துக்கொண்டு மொத்த எடையையும் போதைப்பொருளாகக் கணக்கிட முடியாது என்றது. அந்த உத்தரவு காளானை அனுமதித்துவிடவில்லை. ஆனால் வேதியியலாளரும் மருத்துவரும் கேட்ட அதே கேள்வியில் நீதிபதியும் வந்து நின்றிருக்கிறார்: கூடையின் எடை கிடக்கட்டும், உள்ளே எவ்வளவு இருக்கிறது?

நான் விரும்புவது இதுதான். சென்னைத் தரமணியில் தேசியப் பல்லுயிர் ஆணையம் இருக்கிறது. கிண்டியில் நடராஜன் தேடிய மரபு இருக்கிறது. பால்காளானுக்கு ஏ.பி.கே. 2 என்று அருப்புக்கோட்டையிலிருந்து ஒரு ரகத்தைக் கொடுத்த வேளாண் பல்கலைக்கழகம் இருக்கிறது. மனநோயை அறிந்த நிம்ஹான்ஸ் இருக்கிறது. பூட்டிய அறையில், உரிமத்தோடு, ஒவ்வொரு கிராமுக்கும் கணக்கெழுதி, நம் மலைக் காளான்களின் உள்ளடக்கத்தை நம்மவர்கள் அளந்து பார்க்க வேண்டும். மரியா சபினாவுக்கு நேர்ந்தது இங்கே யாருக்கும் நேராதபடி, மலை மக்களிடம் கேட்டு, பலனில் பங்கு கொடுத்துச் செய்ய வேண்டும். இல்லாவிட்டால் கொடைக்கானலின் பூம்பாறைப் புல்வெளியில் பொட்டலம் மட்டும் மிஞ்சும். மருந்து வெளிநாட்டிலிருந்து, நமக்கு எட்டாத விலையில் வரும்.

தம்பிக்கு இதையெல்லாம் சொல்லி முடித்தபோது இருட்டத் தொடங்கியிருந்தது. சித்தி கேட்டுக்கொண்டுதான் இருந்தார். "அப்ப அந்த மருந்து ஒங்க சித்தப்பாவுக்கு ஆகுமாப்பா?" என்றார். இப்போதைக்கு இங்கே கிடைக்காது, கிடைக்கும் நாளில் டாக்டர்தான் பார்த்துச் சொல்ல வேண்டும், மூன்று பேருக்குக் கொடுத்தால் ஒருவருக்குக் கேட்கலாம், அதுவும் கொஞ்ச நாளைக்கு என்றேன். அவர் தலையாட்டிக்கொண்டு, வேகவைத்து வடித்திருந்த வைக்கோலில் ஒரு பிடி அள்ளி முறுக்கிப் பிழிந்தார். தண்ணீர் சொட்டவில்லை, உள்ளங்கையில் ஈரம் மட்டும் ஒட்டியது. "இதுதான் பதம், இப்ப போடலாம்" என்று வித்துப் பையை எடுத்துவரத் தம்பியைக் கூப்பிட்டார். திண்ணையிலிருந்து எழுந்து அதை எடுத்துவந்தது சித்தப்பா.